மெத்தைக்காரர் வீட்டுக் குப்பை

காலை ஆறேகாலுக்கு மேட்டுத் தெருவில் விசில் சத்தம் கேட்கும். விசிலுக்குப் பின்னால் ஒரு மூன்று சக்கர வண்டி, வண்டிக்குப் பின்னால் அவள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் எங்கோ இருக்கிறது. ஊருக்கு அவள் விசிலக்கா. எழுபது வயதுப் பெரியவர்கூட, "விசிலக்கா, ஒரு நிமிஷம்!" என்றுதான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார். அவளுக்கு நாற்பத்தாறுதான் ஆகிறது. முதலில் கோபம் வந்தது. பிறகு, மரியாதை எந்த ரூபத்தில் வந்தாலும் வாங்கிப் போட்டுக்கொள்வோம் என்று விட்டுவிட்டாள்.

பதினொரு வருடமாக அந்தத் தெருவின் குப்பையை எடுக்கிறாள். பையைத் தூக்கும்போதே கைக்கு விஷயம் தெரிந்துவிடும். சர்க்கரையைத் தொடாதே என்று ஊரையே மிரட்டும் டாக்டர் வீட்டிலிருந்து வாரம் நான்கு இனிப்புப் பெட்டிகள் வரும், நான்காக மடித்து, செய்தித்தாளில் சுற்றி. கணவன் மனைவி இருவர் மட்டும் இருக்கும் வீட்டிலிருந்து ஒரு பெரிய பைக்குப் பதிலாக இரண்டு சின்னப் பைகள் வந்தால், பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம். மறுபடி ஒரே பையானதும் விசிலக்காவுக்கு மனசு லேசாகும். வக்கீல்களும் டாக்டர்களும் கட்டணம் வாங்கிக்கொண்டு கேட்டுத் தெரிந்துகொள்வதை அவள் கையுறை போட்டுக்கொண்டு தெரிந்துகொண்டாள்.

ஆனால் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். பையில் பார்த்தது பையோடு போய்விட வேண்டும். புருஷனிடம்கூடச் சொல்ல மாட்டாள். டாக்டரின் மனைவியே ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "அவர் ஏதாவது இனிப்பு கினிப்பு...?" என்று கேட்டபோது, "எனக்குக் கண்ணு அவ்வளவா தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு, எதிர்வீட்டு மாடியில் காய்ந்த துணியில் பொத்தான் அறுந்திருப்பதைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போனாள்.

இந்தப் பதினொரு வருடமும் அவள் தற்காலிகம்தான். காய்ச்சல் வந்து ஒருநாள் படுத்தால் அன்றைய சம்பளம் கிடையாது. கையில் கண்ணாடி கிழித்தால் வைத்தியம் அவள் பாடு. இந்த வருடம்தான் ஒரு ஆணை வந்தது: பத்து வருடம் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் நிரந்தரம். ஒரே ஒரு நிபந்தனை, இந்த ஊரில் தொடர்ந்து பத்து வருடம் வசிப்பவர் என்று இருப்பிடச் சான்று கொடுக்க வேண்டும். கடைசி நாள் மாதக் கடைசி.

அவள் இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. இதில் என்ன கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு, இருப்பிடச் சான்று கொடுக்கும் அலுவலர் முன்னால் போய் நின்றாள். அவர் கெட்டவரில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். எழுதியிருப்பதை நம்புவார், எழுதாததை நம்ப மாட்டார், அவ்வளவுதான். எதிரில் ஆள் நின்று மூச்சு விட்டாலும், அது தாளில் வந்த பிறகுதான் அவருக்குக் கேட்கும்.

"வாடகை ஒப்பந்தம் இருக்கா?"

"வீட்டுக்காரர் எழுதித் தர மாட்டேங்கறார் சார். எழுதினா வாடகைக்கு வரி கட்டணுமாம்."

"கரண்ட் பில்?"

"அது அவர் பேர்ல வருது."

"தண்ணி பில்?"

"அதுவும் அவர் பேர்லதான்."

"சரி, வரி கட்டின ரசீது?"

"வரி கட்டற அளவுக்கு எனக்குச் சம்பளம் இல்லையே சார்."

"அப்போ, வரி கட்ட வேண்டிய அவசியம் இல்லைன்னு வரி ஆபீஸ்ல ஒரு சான்று வாங்கிட்டு வாங்க."

"அதுக்கு என்ன கேப்பாங்க?"

அலுவலர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ரொம்பப் பணிவாகச் சொன்னார்: "இருப்பிடச் சான்று."

நான்கு முறை மனு கொடுத்தாள். நான்கும் திரும்பி வந்தன. மனுவை எழுதிக் கொடுத்தவள் கல்லூரியில் படிக்கும் மகள். மகளுக்குப் பேனாவைப் பிடித்தால் நிறுத்தத் தெரியாது. ஒவ்வொரு முறை மனு திரும்பி வரும்போதும் அடுத்த மனுவில் உருக்கம் ஒரு பிடி கூடியது.

இந்தச் சமயத்தில்தான் மெத்தைக்காரர் தேர்தலில் நின்றார்.

ஊரில் பாதிப் பேர் அவர் கம்பெனி மெத்தையில்தான் படுக்கிறார்கள். மீதிப் பேர் அதை வாங்கக் காசு சேர்க்கிறார்கள். மேட்டுத் தெருவின் கோடியில் அவருக்கு ஒரு பெரிய வீடு இருந்தது. மூன்று மாடி, வெள்ளைச் சுவர், இரண்டு ஆள் உயர இரும்புக் கதவு. மூன்று வருடமாக, வருடத்துக்கு முந்நூறு நாள், அந்த வீட்டில்தான் குடியிருக்கிறேன் என்று வேட்புமனுவில் எழுதிக் கொடுத்திருந்தார். குறைந்தது மூன்று வருடம் குடியிருந்தால்தான் நிற்க முடியும் என்பது சட்டம். சிக்கல் என்னவென்றால், கடலோரத்தில் வரியே இல்லாத ஒரு ஊர் இருக்கிறது. அங்கே வருடத்தில் முந்நூறு நாள் வசிக்கிறேன், ஆகவே எனக்கு வரி கிடையாது என்று வரி அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்திருந்தார்.

எதிர்த்து நின்றவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அவர் சும்மா விடுவாரா? "ஓட்டுக்கு இங்க முந்நூறு நாள், வரிக்கு அங்க முந்நூறு நாள். முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்தவ நான். அறுநூறு நாள் உள்ள வருஷத்தை எந்தப் புஸ்தகத்துலயும் பார்த்ததில்லை" என்று ஒரு கூட்டத்தில் சொன்னார். அவ்வளவுதான், ஊர் பற்றிக்கொண்டது. சலூனில் ஒரு கட்சி, பஸ் ஸ்டாப்பில் ஒரு கட்சி. முடிவெட்ட உட்கார்ந்தவர்கள் ஆவேசத்தில் தலையை ஆட்டிக் காதில் கீறல் வாங்கினார்கள். பணக்காரன் நாலு ஊரில் இருப்பான், உனக்கென்ன என்றது ஒரு தரப்பு. நாலு ஊரில் இருக்கட்டும், ஒரு ஊரிலாவது வரி கட்டட்டும் என்றது மறு தரப்பு.

தொலைக்காட்சிக்காரர்கள் மேட்டுத் தெருவுக்கு வந்து இறங்கினார்கள். மெத்தைக்காரர் வீட்டுக் காவலாளி வாயைத் திறக்கவில்லை. பாவம், அறுபது வயது. மூலைக் கடையில் சாப்பாடு, கதவோரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கம் என்று மூன்று வருடமாக அங்கேயே கிடப்பவர். நிருபர்ப் பெண் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு மைக்கை விசிலக்காவிடம் நீட்டினாள்.

"இந்த வீட்டுல யாராவது இருக்காங்களாக்கா?"

பையில் பார்த்ததைச் சொல்லக் கூடாது. ஆனால் பையே இல்லை என்று சொல்வதில் என்ன தப்பு?

"இருக்காங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாதும்மா. மூணு வருஷமா தினம் விசில் அடிக்கிறேன், ஒரு வெங்காயத் தோல் வந்ததில்ல" என்றாள்.

சாயந்திரத்துக்குள் அந்த வெங்காயத் தோல் எல்லாச் சேனலிலும் ஓடியது. 'வேட்பாளர் சாப்பிடுவதே இல்லையா?' என்று ஒருவர் கேட்டார். காவலாளி அண்ணன் மறுநாள் அவளைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "தங்கச்சி, வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டியே!" குப்பைக் கிடங்கில் சூப்பர்வைசர் இன்னும் ஒரு படி மேலே போனார். "நிரந்தரம் ஆகற நேரத்துல பேட்டி ஒண்ணுதான் குறைச்சலாக்கா உங்களுக்கு?"

பதினொரு வருடம் வாயைக் கட்டிவைத்து, பன்னிரண்டாம் வருடத்தில் கெட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அதற்கு மறுநாள் காலை, இரும்புக் கதவுக்கு வெளியே ஒரு கறுப்புப் பை இருந்தது.

விசிலக்கா வண்டியை நிறுத்திவிட்டு அதைச் சுற்றி வந்தாள். காவலாளி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையைத் தூக்கினாள். தூக்கிய உடனே கைக்கு ஏதோ உறுத்தியது. இந்தக் கனம் அவளுக்குத் தெரிந்த கனம். ஆனால் எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

கிடங்கில் தரம் பிரிக்கும் மேஜையில் பையைக் கொட்டினாள். முட்டை ஓடு, டீத்தூள், பால் கவர். பச்சை நிறத்தில் பள்ளிச் சீருடைத் துணியின் துண்டுகள், சாக்குக் கட்டியில் போட்ட கோடுகளோடு. எத்தனையோ தையல்காரர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்து ஒரு பற்பசைக் குழாய். அதன் அடிப்பக்கத்தைக் கத்தரியால் வெட்டி, இரண்டாகப் பிளந்து, உள்ளே ஒட்டியிருந்ததை விரலால் வழித்து எடுத்திருந்தார்கள்.

மூன்று மாடி வைத்திருக்கும் கோடீஸ்வரன் பற்பசைக் குழாயை வெட்டி வழிப்பானா? வழிக்க மாட்டான். ஊரில் அதைச் செய்கிறவர்கள் உண்டுதான். ஆனால் இப்படி நேராக வெட்டாமல், மேல் சட்டைக்குக் கழுத்து வெட்டுவதுபோல வளைத்து வெட்டுகிற மனிதர் ஒருவர்தான் உண்டு. அவரோடு அவள் பத்தொன்பது வருடம் குடித்தனம் நடத்துகிறாள்.

அது அவள் வீட்டுக் குப்பை.

ஊர்க் குப்பையை எடுப்பவள் வீட்டுக் குப்பையைக் கொண்டுபோய் மூலைத் தொட்டியில் போடுவது கொழுந்தனின் வேலை. அவன் எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் போவான். மூன்று கட்சிக்கும் கொடி பிடிப்பான். குப்பையை மட்டும் பத்துத் தடவை சொன்னால்தான் எடுப்பான். அன்று சொல்லாமலே, பொழுது விடியும் முன்பே பையோடு கிளம்பிப் போனான், பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அவள் உள்ளூரப் பூரித்துப் போயிருந்தாள். அந்தப் பூரிப்பை நினைத்தால் இப்போது இன்னும் எரிந்தது.

மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தால், அங்கே ஒரு மெத்தை. இரண்டே அறையுள்ள வீட்டில், முன்னறையை முழுசாக அடைத்துக்கொண்டு, உறைகூடப் பிரிக்காமல் புத்தம்புதிய மெத்தை. அதன்மேல் கழுத்தில் இஞ்சு டேப்போடு கணவர் மல்லாந்து கிடந்தார். தையல் மிஷின் சுவரோடு ஒண்டிக்கொண்டு நின்றது.

"தம்பி கொண்டு வந்தான். கட்சியில குடுத்தாங்களாம்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "படுத்துப் பாரேன். முதுகு எங்க இருக்குன்னே தெரியல."

"என்னங்க, அது எதுக்குக் குடுத்தாங்கன்னு கேட்டீங்களா?"

"மெத்தையைப் போய் யாராவது எதுக்குன்னு கேப்பாங்களா?"

கொழுந்தன் கதவுக்குப் பின்னாலிருந்து பாதி முகத்தைக் காட்டினான்.

"அண்ணி, திருடலை அண்ணி. மெத்தைக்காரரோட ஏஜெண்ட் வந்து, ஹோட்டல் குப்பை வேணாம், நல்லாக் குடும்பம் நடத்தற வீட்டுக் குப்பையா வேணும்னார். நம்மளவிட நல்லாக் குடும்பம் நடத்தறவங்க யார் அண்ணி இருக்காங்க?"

"அதைக் கொண்டுபோய் அந்த ஆள் வாசல்ல வெப்பியா?"

"மூலைத் தொட்டியில வருஷக் கணக்காப் போடறோம். தொட்டி என்னைக்காவது மெத்தை குடுத்திருக்கா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதனாலேயே கோபம் இரண்டு மடங்கானது. திட்டித் தீர்த்தாள். திட்டிக் களைத்து, உட்கார வேறு இடமில்லாமல் மெத்தையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சாய்ந்தாள். சாய்ந்தவள் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டாள். எழுந்தபோது வருடக் கணக்காக இருந்த இடுப்பு வலியைக் காணோம். இப்படி ஒரு சுகத்தைக் கொடுத்துவிட்டு அது பாவக் கணக்கில் வருகிறதே என்று நிஜமாகவே அழுகை வந்தது அவளுக்கு.

நான்கு நாள் தினமும் பை வந்தது. ஐந்தாம் நாள் ஏஜெண்ட், சூப்பர்வைசரைக் கூட்டிக்கொண்டு கிடங்குக்கே வந்தார். சலவைச் சட்டை, மூக்கில் கைக்குட்டை.

"அக்கா, ஐயா இந்த ஊர்ல குடியிருக்காரான்னு நாளைக்குப் பத்து மணிக்கு ஹால்ல பொது விசாரணை. ஊரே வரும். உங்களை ஒரே கேள்விதான் கேப்பாங்க. அந்த வீட்டு வாசல்ல குப்பை எடுத்தீங்களா? ஆமான்னு சொல்லிட்டு உட்காருங்க. பொய் சொல்லச் சொல்லலையே? எடுத்தது உண்மைதானே?"

"எடுத்தேன்."

"அவ்வளவுதான். ஐயா ஜெயிச்ச அன்னைக்கே நீங்க நிரந்தரம்."

"ஒரு வார்த்தைக்கா, ஒரே ஒரு வார்த்தை" என்று சூப்பர்வைசர் கெஞ்சினார்.

வீடு போகும்வரை அந்த ஒரு வார்த்தையையே புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். 'ஆமாம்' என்றால் நிரந்தரம். கொழுந்தன் தப்பிப்பான், மெத்தையும் தங்கும். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பதினொரு வருடத்தில் எத்தனையோ பேர் அவளிடம் வாயால் பொய் சொல்லியிருக்கிறார்கள், குப்பையால் ஒருவரும் சொன்னதில்லை. அவள் கையில் அவள் வீட்டுக் குப்பையையே கொடுத்துவிட்டு, இவளுக்கு எங்கே தெரியப் போகிறது என்று நினைத்தார்களே, அதுதான் அவளுக்கு ஆறவில்லை. சமையல்காரியிடம் அவள் வைத்த குழம்பையே கொடுத்து ஓட்டல் குழம்பு என்று சொல்வதுபோல.

மாதக் கடைசிக்கு ஒருநாள்தான் பாக்கி. மகள் ஐந்தாவது மனுவை எழுதி முடித்து, விசிலக்காவும் கையெழுத்துப் போட்ட பிறகு, கொழுந்தன் அதன்மேல் டீயைக் கொட்டினான். மகள் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி எழுத உட்கார்ந்தாள். கெட்டுப்போன தாளை எப்போதும் நாலாகக் கிழித்துப் போடுவதுதான் விசிலக்காவின் வழக்கம். அன்று கிழிக்கவில்லை. லேசாகச் சுருட்டி, குப்பைப் பையில் மேலாக வைத்தாள். நான் வாயைத் திறக்க மாட்டேன், குப்பைக்கு வாய் இருந்தால் அது பேசட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் ஹாலில் நிற்க இடமில்லை. மேடையில் நடுவில் உட்கார்ந்திருந்தவர் அதே இருப்பிடச் சான்று அலுவலர். அவருக்கு முன்னால் மேஜையில் அன்று காலை எடுத்த கறுப்புப் பை, சூப்பர்வைசர் கையெழுத்தோடு முத்திரை வைத்து. ஒரு பக்கம் கணக்கு டீச்சர், மறுபக்கம் மெத்தைக்காரரின் வக்கீல். மெத்தைக்காரர் நேரில் வரவில்லை. முக்கியமான வேலையாம், திரையில் வந்தார். அவர் பேச ஆரம்பித்ததும் பின்னால் அலை அடிக்கும் சத்தம் கேட்டது.

"இந்த ஊருக்கு எப்போ கடல் வந்துச்சு?" என்று டீச்சர் கேட்டார்.

"அது டிவி சத்தம்!" என்றார் வக்கீல். அந்தச் சமயம் பார்த்துத் திரையில் ஒரு கடற்பறவை வந்து மெத்தைக்காரரின் தோளுக்குப் பின்னால் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தது. ஹால் சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

வக்கீல் அசரவில்லை. "ஐயா, மனுஷன் ஆயிரம் ஊருக்குப் போவான், வருவான். எங்க வாழறான்ங்கறதுக்கு அவன் குப்பைதான் சாட்சி. இதோ, ஒரு வாரமா தினமும் குப்பை."

"மூணு வருஷமா எங்க போச்சு?" என்றார் டீச்சர்.

"ஐயா சிக்கனமானவர். சேத்து வெச்சிருந்து இப்போ போடறார்."

அலுவலர் தயங்கினார். "குப்பையைச் சான்றா எடுத்துக்கலாம்னு எங்கயும் எழுதலையே?"

"விதி பதினாலைப் பாருங்க. 'அன்றாட வாழ்க்கை நடந்ததற்கான வேறு எந்த அடையாளமும்.' குப்பையைவிட அன்றாடம் வேற என்ன சார் இருக்கு? முதல்ல அதை உத்தரவா எழுதுங்க. அப்புறம் பையைப் பிரிக்கலாம். பின்னால யாரும் பேச்சு மாறக் கூடாது."

டீச்சர் எழுந்து ஆட்சேபித்தார். அலுவலர் விதி பதினாலை மூன்று தரம் படித்தார். பிறகு எழுத ஆரம்பித்தார். வக்கீல் பக்கத்தில் நின்றுகொண்டு, "தொடர்ந்துன்னு ஒரு வார்த்தை சேருங்க... எத்தனை வருஷம்ங்கறதுக்கு அவர் கையெழுத்துப் போட்டுக் குடுத்ததே போதும்னு சேருங்க" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அலுவலர் உரக்கப் படித்தார்:

"ஒரு வீட்டின் அன்றாடக் குப்பை, அதை உண்டாக்கியவர் இந்த ஊரில் தொடர்ந்து வசிப்பவர் என்பதற்குப் போதுமான சான்று ஆகும். எத்தனை ஆண்டுகள் என்பதற்கு அவரே கையொப்பமிட்ட எழுத்து போதும். வேறு ஆவணம் தேவையில்லை."

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த விசிலக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வேறு ஆவணம் தேவையில்லை. இந்த மனுஷர் வாயிலிருந்தா இது வந்தது? ரவிக்கைக்குள் வைத்திருந்த புது மனுவை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அவளைக் கூப்பிட்டார்கள். குப்பை எடுத்தீர்களா என்று வக்கீல் கேட்டார். "எடுத்தேன்" என்றாள். ஏஜெண்ட் முகம் மலர்ந்தது. "பைக்குள்ள என்ன இருக்கும்?" என்று டீச்சர் கேட்டார்.

"அதை நான் சொல்றதில்லைங்க. யார் வீட்டுப் பையில என்ன இருந்தாலும் வெளியில சொல்றதில்லை. அது என் தொழில்ல ஒரு கட்டுப்பாடு."

"நல்ல பழக்கம்!" என்று பாராட்டிவிட்டு வக்கீல் தானே பையைப் பிரித்தார். முதலில் பச்சைத் துணித் துண்டுகள். "பாருங்க! ஏழைப் பிள்ளைங்களுக்குச் சீருடை!" ஒரு பக்கம் கைதட்டல். அடுத்து, வெட்டி வழித்த தைலக் குழாய். "எப்பேர்ப்பட்ட சிக்கனம்! நாளைக்கு மக்கள் வரிப்பணத்தையும் இப்படித்தான் பாத்துக்குவார்!" பலத்த கைதட்டல். திரையில் மெத்தைக்காரர் அடக்கமாகக் கும்பிட்டார். அடுத்து, லேசாகச் சுருட்டிய ஒரு தாள். வக்கீல் பிரித்தார். முதல் வரியைப் பார்த்ததும் அவர் கண் பளபளத்தது. மைக்கை இழுத்து வைத்துக்கொண்டு படித்தார்.

"'ஐயா, நான் இந்த ஊரில்தான் வசிக்கிறேன். என் வாழ்வும் உழைப்பும் இங்கேதான். இந்த ஊரின் அழுக்கையெல்லாம் என் இரண்டு கைகளாலும் அள்ளி வருகிறேன்.' கேட்டீங்களா ஐயா! அரசியல்ல இருக்கற அழுக்கைச் சொல்றார்! தனியா உக்காந்து, யாருக்கும் காட்டாம எழுதியிருக்கார்!"

ஹால் அதிர்ந்தது. அலுவலர்கூட நெகிழ்ந்த மாதிரி இருந்தது. வக்கீல் கையை உயர்த்தி அமைதிப்படுத்திவிட்டு, குரலில் இன்னும் உருக்கம் சேர்த்துத் தொடர்ந்தார்.

"'பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். என் கணவர் ஒரு தையல்காரர்...'"

அங்கே நின்றார். யாரோ ஒருவர் பழக்க தோஷத்தில் கைதட்டி, பாதியில் நிறுத்தினார். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். மெத்தைக்காரர், திரையில் தெரியாத யாரையோ திரும்பிப் பார்த்தார். பிறகு திரை கறுத்தது. பின்வரிசையில் ஒரு கொடி மெதுவாகத் தாழ்ந்து, கொழுந்தனின் முகத்தை மூடியது.

"இது யாருடைய குப்பை?" என்று அலுவலர் கேட்டார்.

விசிலக்கா எழுந்தாள்.

"மத்தவங்க குப்பையைப் பத்தி நான் பேச மாட்டேன் சார். ஆனா இது என்னுது. என் குப்பையைப் பத்தி நான் பேசலாம் இல்ல? அந்தத் துணி என் வீட்டுக்காரர் வெட்டினது. அந்தத் தைலம் என் இடுப்புக்குப் போட்டது. டீ கொட்டினது என் கொழுந்தன். எங்க வீட்டுல இருந்துதான் அந்த வாசலுக்குப் போச்சு. கூலியா வந்த மெத்தை எங்க வீட்டுல இருக்கு, இன்னிக்கே திருப்பிக் குடுத்துடறோம்."

வக்கீல் துள்ளி எழுந்தார். "ஆட்சேபணை! குப்பையெல்லாம் ஒரு சான்றா? இதை ஏத்துக்கவே கூடாது!"

அலுவலர் அவரை நிஜமான வருத்தத்தோடு பார்த்தார். "எழுதியாச்சே சார்."

சிரிப்பும் விசிலும் அடங்குவதற்குள் விசிலக்கா மேடைக்குப் போய் ஐந்தாவது மனுவை அவர் முன்னால் வைத்தாள். அவர் வாய் பழக்கத்தில், "வாடகை ஒப்பந்தம்..." என்று ஆரம்பித்தது.

"சார்" என்றாள் அவள், எதிரில் கிடந்த உத்தரவைக் காட்டி. "வேற ஆவணம் தேவையில்லைன்னு இருக்கு."

அலுவலர் தன் கையெழுத்தைப் படித்தார். குப்பையைப் பார்த்தார். டீக்கறை பட்ட கையொப்பத்தையும் புது மனுவின் கையொப்பத்தையும் ஒத்துப் பார்த்தார். அவருக்கு அன்று ஒரு நிம்மதிகூட வந்திருக்க வேண்டும், ஏனென்றால் நான்கு முறை அந்த மனுவைத் திருப்பி அனுப்பியபோதும் எதிரே நின்றவள் பொய் சொல்கிறாள் என்று அவர் நினைத்ததில்லை. சான்றிதழ்ப் படிவத்தை எடுத்து, "விலாசம் சொல்லுங்க" என்றார். அவள் சொன்னாள். அவர் எழுதினார். முத்திரை விழுந்த சத்தத்தில் அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. பத்தொன்பது வருடம் இருந்த ஊர், இருந்தாய் என்று அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டது.

மெத்தைக்காரர் பெயர் வேட்பாளர் பட்டியலிலிருந்து போனது. போனதோடு விடவில்லை வரி அலுவலகம். இங்கே முந்நூறு நாள் இருந்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே, அதற்கு வரி எங்கே என்று கேட்டுக் கடிதம் அனுப்பியது. அவருடைய வக்கீல் இப்போது, ஐயா இந்த ஊரில் ஒருநாளும் இருந்ததில்லை என்று நிரூபிக்க ஆதாரம் தேடிக்கொண்டிருக்கிறார் என்று சலூனில் பேச்சு.

அன்று சாயந்திரமே மெத்தை திரும்பிப் போனது. கொழுந்தன் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, விசிலக்கா பின்னால் நடந்தாள். கணவர் வாசல்வரை வந்து, பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவர்போல நின்றார். மேட்டுத் தெருக் கோடியில் காவலாளி இரும்புக் கதவைத் திறந்தார்.

"இதை எங்க போடறது தங்கச்சி? வீடெல்லாம் பூட்டிக் கெடக்கு. சாவி என்கிட்ட இல்லை."

விசிலக்கா மூன்று மாடியையும் அண்ணாந்து பார்த்தாள். பிறகு கதவோரத்து அறையைப் பார்த்தாள். உள்ளே ஒரு குடை, ஒரு சொம்பு, மடக்கிய பிளாஸ்டிக் நாற்காலி.

"இந்த வீட்டுல குடியிருக்கறவர்கிட்ட ஒப்படைக்கச் சொல்லித்தான் பேச்சு" என்றாள். "நீங்கதானேண்ணே குடியிருக்கீங்க."

மறுநாள் காலை ஆறேகாலுக்கு அவள் விசில் அடித்தபோது, இரும்புக் கதவு திறந்தது. காவலாளி நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு, கையில் எதையோ ஒழுங்காக மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். மெத்தையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை. மூன்று வருடத்தில் அந்த வீட்டிலிருந்து வந்த முதல் குப்பை அது. விசிலக்கா வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டு, அடுத்த வீட்டு வாசலுக்குப் போய் விசில் அடித்தாள்.